வலையிறவுப் பாலத்தில் ஒரு மலைச் சைக்கிள்

நாற்பத்திரண்டு வயதில் மலை ஏற வேண்டும் என்று ஒருவனுக்கு ஆசை வருமானால், அவன் மலை இருக்கிற ஊரிலே கலியாணம் கட்டியிருக்க வேண்டும். வின்சன்ற் கட்டியது மட்டக்களப்பு டவுனில். இங்கே ஆக உயரமான ஏற்றம் பாலத்தின் நடு முதுகு. அதில் ஏறி நின்றாலும் நாலு பக்கமும் வாவிதான் தெரியும்.

ஆனாலும் ஆசை வந்துவிட்டது. அவன் வேலை செய்கிற அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் அடுத்த மேசைக்காரனான பிறின்ஸ் போனில் ஒரு படம் காட்டினான். கரடியனாற்றுக்கு அங்கால் ஒரு கற்பாறை மலை. அதன் சரிவில் எட்டுப் பேர், எட்டுச் சைக்கிள், எட்டு முகத்திலும் புழுதி.

"மாசத்துக்கு ஒருக்காப் போறம் மச்சான். ஒம்பதாவது ஆள் ஒருத்தர் வேணும்" என்றான் பிறின்ஸ்.

அன்று பின்னேரம் வரை வின்சன்ற் ஒரு ஃபைலையும் திறக்கவில்லை.

இடையில் நின்றது இமெல்டா. கணக்கு ரீச்சர். அவள் சைக்கிளுக்கு எதிரி இல்லை, புருசனின் உற்சாகங்களுக்குத்தான் எதிரி. மீன்தொட்டி வந்தது, மீன்கள் போயின. கிற்றார் வந்தது, நித்திரை போனது. கடைசியாகத் தேனீப் பெட்டி வந்தது. அதிலிருந்த ஒரு தேனீ வலப்பக்க வீட்டுப் பெரியம்மாவின் மூக்கைத் தேடிப் போனது. அன்றோடு சட்டம் பிறந்தது: "இனி உங்கட புது விளையாட்டு ஒண்டும் இந்த வளவுக்குள்ள வரப்படாது."

சட்டம் போட அவளுக்கு உரிமை இருந்தது. அது அவளுடைய சீதன வீடு. இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு, அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை. வலப்பக்கம் பெரியம்மா, இடப்பக்கம் அக்கா சர்மிலா, எதிரே இரண்டு சின்னம்மாமார். ஒழுங்கை முழுக்க இமெல்டாவின் ஆட்கள். வின்சன்ற் தும்மினால் நாலு வீட்டில் கொத்தமல்லி அவியும்.

வளவுக்குள் வரக்கூடாது என்றால் வளவுக்கு வெளியே இருக்கலாம் அல்லவா? வின்சன்ற் சட்டத்தை மீறாமல் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனான். அங்கே ஷாமிலின் சைக்கிள் கடை இருந்தது.

"அண்ணன், மலைச் சைக்கிள் எண்டா மினுக்கத்தப் பாத்து வாங்கப்படா" என்றான் ஷாமில். "முதல்ல ஃபிறேம். காலை அகட்டி நில்லுங்க. கம்பிக்கும் உங்களுக்கும் நடுவுல ரெண்டு இஞ்சி வெளி இரிக்கணும். இல்லாட்டி கல்லுல சறுக்கி நிண்டா கதை முடிஞ்சி."

"என்ன கதை?"

"புள்ள குட்டியெல்லாம் பெத்தாச்சிதானே? அப்பப் பறவாயில்ல."

ரயரில் விரற்கடை உயரத்துக்குப் பொத்தான்கள். உள்ளே ரியூப் இல்லை, அதற்குப் பதிலாகப் பால் போல ஒரு திரவம். முள்ளுக் குத்தினால் அந்தப் பால் தானே கட்டிபட்டு ஓட்டையை அடைத்துவிடுமாம். முன்சில்லுக்கு மேலே குலுக்கம் தாங்கும் சொக், இரண்டு சில்லுக்கும் டிஸ்க் பிறேக். சிவப்பு ஹெல்மெற். விரல் நுனி வெளியே தெரிகிற கையுறை. அதைப் போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது, இவ்வளவு காலமும் கச்சேரியில் வேறு யாரோ வேலை செய்திருக்கிறான் என்று அவனுக்குத் தோன்றியது.

சைக்கிள் கடையின் பின்னறையில் குடியேறியது. செவ்வாயும் வியாழனும் வின்சன்ற்றுக்கு 'ஓவர்டைம்'. மலை இல்லாத குறைக்குக் கடற்கரை மணலில் மிதித்தான். நாலு மாதம். தொடை இறுகியது. பொய்யும் இறுகியது.

ஒன்பதாவது ஆளாகப் போகிற நாளும் குறிக்கப்பட்டது. செப்டெம்பர் முதல் சனிக்கிழமை, காலை ஒன்பது மணி, கரடியனாற்றுச் சந்தி. ஒரு முழுநாள் வீட்டை விட்டுப் போவதற்கு ஓவர்டைம் போதாது. மூன்று இரவு கண்விழித்து யோசித்தவனுக்கு மாதாவே வழிகாட்டினாள். அந்த வார இறுதியில்தான் ஆயித்தியமலை மாதாவின் திருநாள். டவுனில் இருந்து சனம் வாவியைக் கடந்து, அக்கரையான படுவான்கரை வழியாகக் கோயிலுக்கு நடந்தே போகும். வின்சன்ற்றும் நடக்கலாம், வலையிறவுப் பாலம் வரைக்கும். பாலத்தின் அந்தக் கரையில் ஷாமில் தன்னுடைய சின்னப் 'பட்டா' லொறியில் சைக்கிளோடு நிற்பான். லொறியில் கரடியனாறு. மலை. பிறகு அதே லொறியில் கோயிலுக்கு ஒரு மைல் இந்தப் பக்கம் இறங்கினால், பொழுதுபட, புழுதிக் காலோடு, நடந்து வந்த பக்தன்.

அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னான்.

"இமெல்டா, நான் ஆயித்தியமலைக்கு நடந்து போறதுக்கு நேர்ந்திரிக்கன்."

"நீங்களா?"

"ஓம்."

"என்னத்துக்கு நேர்த்தி?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. "உன்ட சுகத்துக்கு."

"எனக்கென்ன வருத்தம்?"

"ஒண்டுமில்ல. அது வராம இருக்கத்தான்."

இமெல்டா அவனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவன் பயந்திருக்க வேண்டியது அந்த இடத்தில்தான். அவனோ இன்னொரு பிஸ்கற் எடுத்தான்.

அரை மணித்தியாலத்தில் ஒழுங்கைக்குத் தெரிந்துவிட்டது. நடந்து போகிறவர் கையில் கொடுத்துவிட்டால் நாமே நடந்த பலன் என்பது இங்கத்தைய நம்பிக்கை. பெரியம்மா இரண்டு மெழுகுதிரியோடு வந்தாள். பழைய தேனீக் கோபம் அவள் மூக்கில் இல்லை.

"மகன், ஒண்டு என்ட முழங்காலுக்கு. மற்றது சின்னவன்ட விசாவுக்கு."

"தாங்க பெரியம்மா."

"செருப்புப் போடப்படா."

"கல்லுக் குத்துமே?"

"குத்தத்தானே நடக்கிற? ஒருசந்தி பிடிக்கணும், ஒரு நேரந்தான் சாப்பாடு. வாகனத்தில ஏறப்படா. ஆருட வாகனத்திலயும் ஏறப்படா. ஏறினா, திரி தந்த ஆக்களுக்கெல்லாம் நேர்த்தி முறிஞ்சி போயிரும். மறுகா எங்களுக்கு ஒண்டு நடந்தா உங்களத்தான் கேப்பம்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் எண்ணிப் பார்த்தபோது பையில் முப்பத்தொரு மெழுகுதிரி இருந்தது. அதோடு நாலு போத்தல் தேங்காயெண்ணெய், மாதாவுக்கு எழுதிய ஏழு கடிதம். எதிர்வீட்டுச் சின்னம்மா தன் கால் வருத்தம் தீர ஒரு மெழுகுக் காலே செய்வித்துக் கொடுத்திருந்தாள். பாலம் வரைக்கும்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை விடியப் புறப்படும்போது புட்டு அவிந்த மணம் வந்தது. ஒருசந்திக்காரன் என்று அவனுக்கு வெறுந் தேத்தண்ணிதான் கிடைத்தது. இமெல்டா வெளிக்கிட்டு நின்றாள். சல்வார், அதற்கு மேலே ஒரு ஜக்கெற், காலில் சப்பாத்து.

"நீ எங்க?"

"பாலத்தடி மட்டும் வழியனுப்ப வாறன். அக்காவும் வாறா."

சர்மிலா அக்கா ஜெபமாலையோடு படலையடியில் நின்றாள். சரி, பாலத்தடியில் கிறுகித் திரும்பிவிடுவார்கள். வின்சன்ற் வெறுங்காலை ரோட்டில் வைத்தான்.

பாலத்தடி வந்தது. வாவியில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தோணிக்காரர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னாலும் பின்னாலும் பாட்டுப் பாடிக்கொண்டு சனம் போனது. வின்சன்ற் நின்றான்.

"சரி, போயித்து வாறன்."

"காத்து நல்லாயிரிக்கி. நடுப்பாலம் மட்டும் வாறம்."

நடுப்பாலம் வந்தது. அக்கரையில், ஆலமரத்தின் கீழ், ஷாமிலின் பட்டா லொறி தெரிந்தது. பின்பெட்டியில் பச்சைத் தரப்பாள். தரப்பாளின் கீழே ஹான்டிலின் இரண்டு கொம்பும் மாட்டுக் கன்று படுத்திருக்கிற மாதிரித் துருத்திக்கொண்டிருந்தன. பொக்கற்றில் போன் நடுங்கியது.

"ஆரு?"

"கச்சேரி."

"சனிக்கிழமையிலயா?"

"அவசர வேலையாம்."

"அப்ப எடுங்களன்."

"நேர்த்தியில போகக்குள்ள போன் கதைக்கப்படாது."

"அதுவும் சரிதான்" என்றாள் இமெல்டா. நடையை மட்டும் நிறுத்தவில்லை.

வின்சன்ற் மெல்ல நடந்து பார்த்தான். அவளும் மெல்ல நடந்தாள். சப்பாத்து வார் அவிழ்ந்திருக்கிறது என்றான். அவள் குனிந்து பார்த்துவிட்டு, இல்லையே என்றாள். ஷாமிலுக்குக் கண்ணால் சாடை காட்டினான், புருவத்தால் காட்டினான், கடைசியில் முழு முகத்தாலும் காட்டினான். ஷாமில் வாவியில் ஏதோ அதிசயத்தைக் கண்டவன் போல அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். லொறிக்குப் பத்தடி. ஐந்தடி. 

"ஷாமில் தம்பி, சுகமா?" என்றாள் இமெல்டா.

"அல்ஹம்துலில்லாஹ், ரீச்சர்."

"நஸீறா ரீச்சர் எப்பிடி?"

"அவ சுகம். நேத்தும் ரீச்சர்ஸ் மீற்றிங்கில உங்களோடதானே நிண்டா."

நஸீறா ரீச்சர் ஷாமிலின் மனைவி. இரண்டு ரீச்சரும் ஒரே பள்ளிக்கூடம், ஆசிரியர் அறையில் ஒரே மேசை, இடைவேளைக்கு ஒரே சாப்பாட்டுப் பெட்டி. இதை வின்சன்ற் அந்த நிமிடத்தில்தான் கேள்விப்பட்டான்.

இமெல்டா தரப்பாளைத் தூக்கினாள். கறுப்பும் சிவப்புமாக மலைச் சைக்கிள் வெயிலில் மின்னியது.

"இது உங்கடயா?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

வின்சன்ற் பார்த்தான். தோளில் முப்பத்தொரு மெழுகுதிரி. பின்னால் சர்மிலா அக்கா, ஜெபமாலை ஐந்தாம் மணியில் நிற்க, காது முழுதும் இங்கே. ஓம் என்றால் நேர்த்தி பொய். நேர்த்தி பொய் என்றால் பெரியம்மாவின் முழங்காலில் இருந்து சின்னவனின் விசா வரைக்கும் ஒழுங்கையில் இனிப் பிழைக்கிறதெல்லாம் அவன் தலையில்.

"என்ட இல்ல" என்றான்.

"இந்தச் சிவப்புத் தொப்பி?"

"எனக்குத் தெரியாது."

"கரடியனாற்றில பிறின்ஸ் எண்டு ஒருத்தர் ஆரையோ பாத்துக்கொண்டு நிக்காராம். அவரையும் தெரியாதா?"

"தெரியவே தெரியாது."

மூன்றாம் தரமும் அவன் மறுத்து முடிய, வேதாகமத்தில் போல, வவுணதீவுப் பக்கத்தில் ஒரு சேவல் கூவியது. விடிந்து ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. அதற்குக் கூவ ஒரு காரணமும் இல்லை.

"அப்ப ஆருக்கும் சொந்தமில்லாத சைக்கிள்" என்றாள் இமெல்டா. "பாவம், சும்மா கிடக்குது. தம்பி, இறக்குங்க."

"சீற்ற நீங்க சொன்ன மாதிரி ரெண்டு இஞ்சி பதிச்சிரிக்கன் ரீச்சர்" என்றான் ஷாமில், வின்சன்ற்றைப் பாராமல்.

அவள் ஜக்கெற்றைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தாள். ஹெல்மெற்றைப் போட்டு வாரை இழுத்தாள். அவள் ஒரு காலை வீசி ஏறிய விதத்தில்தான் வின்சன்ற்றுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இமெல்டாவின் முதல் நியமனம் படுவான்கரையில், கஷ்டப் பிரதேசப் பள்ளிக்கூடம். ஆறு வருசம், மழையென்றும் வெயிலென்றும் பாராமல், கிறவல் ரோட்டிலும் வயல் வரம்பிலும், கியர் இல்லாத லேடீஸ் சைக்கிளில், கரியரில் எண்பது கணக்குக் கொப்பியோடு போய்வந்தவள். பெண் பார்க்கப் போன அன்று மாமி இதைத்தான் பெருமையாகச் சொன்னாள். வின்சன்ற் அப்போது பலகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க போறாய்?" அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"ஒம்பதாவது ஆள் வேணுமாம். போயித்து, பின்னேரம் கோயிலுக்கு வாறன். நீங்க கவனமா நடங்க. அக்கா கூட வாறா, கோயில் மட்டும்."

"வேகத்தடை வருது, கியரை..." என்று தொடங்கியவன் சர்மிலா அக்காவைப் பார்த்து வாயை மூடினான். அது அவனுக்குத் தெரியாத சைக்கிள்.

அவள் கியரைத் தட்டியது கேட்டது. ஒரு தட்டு, சுத்தமான தட்டு. நாலு மாதம் மிதித்தும் அவனுக்கு வராத தட்டு. அவளுக்குப் பின்னாலே பட்டா லொறியும் புகையைக் கக்கிக்கொண்டு போனது. சர்மிலா அக்கா ஆறாம் மணியைத் தொட்டாள்.

"அருள் நிறைந்த மரியே" என்றாள். "நீங்களும் சொல்லுங்க தம்பி."

வின்சன்ற் சொன்னான். பதினேழு மைலும் சொன்னான்.

கோயில் முற்றத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. முப்பத்தொரு மெழுகுதிரியையும் ஒவ்வொன்றாகக் கொளுத்தினான். மெழுகுக் காலை வைக்கும்போது, அது தன்னுடைய காலை விட நல்ல நிலையில் இருப்பதாக அவனுக்குப் பட்டது. இமெல்டா ஒரு மரத்தடியில் இருந்தாள். முகமெல்லாம் செம்புழுதி, முழங்கையில் ஒரு சிராய்ப்பு. கலியாணப் படத்தில்கூட அவள் இப்படிச் சிரிக்கவில்லை. சைக்கிள் மரத்தில் சாய்ந்திருந்தது.

ஒரு சொல்லும் கதைப்பதில்லை என்ற முடிவோடுதான் அவன் பக்கத்தில் போய் இருந்தான். முடிவு மூன்று நிமிடம் தாங்கியது.

"மலை எப்பிடி?"

"ஏறலாம்."

"இறக்கம்?"

"இறங்கலாம்."

அவன் சைக்கிள் ரயரில் ஒட்டியிருந்த செம்புழுதியைப் பார்த்தான். அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"மேல நிண்டு பாத்தா வயல் வட்டை முழுக்கத் தெரியுது. வெட்டின வயலெல்லாம் பாய் விரிச்ச மாதிரி. குளத்தில வெயில் பட்டு, பாக்க ஏலாது. இறங்கக்குள்ள ஒரு இடத்தில கத்தித்தன். பயத்தில இல்ல."

வின்சன்ற் நிலத்தைப் பார்த்தான். "உன்னிட்ட கேட்டிருந்தா நீ விட்டிருப்பியா?"

"கேட்டிருந்தா ரெண்டு வாங்கியிருப்பம்."

வின்சன்ற் உள்ளங்காலில் ஏறியிருந்த ஒரு முள்ளைப் பிடுங்கினான். 

"அடுத்த மாசம் போறாங்களாமே" என்றான்.

"ஓம். பிறின்ஸ் தம்பி என்ட பேரை எழுதியித்தார்."

"அப்ப நான்?"

இமெல்டா உண்மையாகவே யோசித்தாள். பிறகு சைக்கிளின் பக்கம் தலையை ஆட்டினாள். "பின்பக்கம் ஒரு கறகறப்புக் கேக்குது. சங்கிலியோ தெரியாது. நீங்க இதெல்லாம் படிச்ச ஆள்தானே, ஒருக்காப் பாருங்களன்."

கோபப்பட வேண்டிய இடம். ஆனால் சங்கிலி கறகறக்கிறது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க ஒரு மனிதனால் முடியுமா? அவன் நொண்டி நொண்டிப் போய், சைக்கிளுக்கு முன்னால் இரண்டு முழங்காலையும் ஊன்றி, தலையைக் குனிந்தான்.

அந்த நேரம் பார்த்து டவுன் பஸ்ஸில் இருந்து இறங்கிய பெரியம்மா, தூரத்தில் அவனைக் கண்டு, கூட வந்தவர்களைக் கையமர்த்தினாள்.

"சத்தம் போடாதீங்க புள்ள. பாருங்க, வந்து சேந்த பிறகும் முழங்காலில நிக்கான். வாற வருசம் எல்லாரும் ரெண்டு ரெண்டு திரியாக் குடுத்துவிடுவம்."