டிவியில் ஒரு கதவு, கூடத்தில் ஒரு கதவு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதுவது.

நீங்கள் வாங்கி அனுப்பிய பெரிய டிவியால் எங்கள் குளியலறைக்குக் கதவு இல்லாமல் போய்விட்டது. நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

கதவு தரையை உரசியது. யாரிடமும் கைகட்டி நிற்காமல் நானே பழகிய தச்சுவேலை இருக்க, வெளியாள் எதற்கென்று கழற்றிவந்து கூடத்தில் போட்டு இழைத்தேன். அதே நேரம் டிவியிலும் ஒருத்தன் கதவு இழைத்துக்கொண்டிருந்தான். உங்கள் மாமியாரும் என் மகனும் கண் கொட்டாமல் அவனையே பார்க்கிறார்கள். "அப்பா, கொஞ்சம் மெதுவா இழைங்க, அவர் இழைக்கிற சத்தம் கேக்கல" என்கிறான் மகன். "அவருக்குச் சுருள் சுருளா வருது, உங்களுக்கு ஏன் தூளா கொட்டுது?" என்கிறாள் உங்கள் மாமியார். டிவிக்காரன் விரலில் சிராய்ப்பு ஏற்பட்டதும் இருவரும் உச்சுக்கொட்டினார்கள். நான் சுத்தியலால் கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு எழுந்தபோது, "மறைக்குது, உக்காருங்க" என்றார்கள்.

பந்தாட்டம் போட்டாலும் இதே கூத்துதான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற உங்கள் மைத்துனன், ஆட்டக்காரனைப் பார்த்து "ஓடுடா சோம்பேறி" என்று அதட்டுகிறான். அடுத்தவன் வேர்வையில் அப்படியென்ன சுகம் என்று யோசித்துப் பார்த்தேன். டிவிக்குள் இருக்கிறவன், "இந்த முனையைக் கொஞ்சம் பிடி" என்று நம்மைக் கூப்பிடமாட்டான். விஷயம் அவ்வளவுதான். நான் கூப்பிட்டேன். ஒருத்திக்கு அடுப்பு நினைவு வந்தது, ஒருத்தனுக்குப் போன் வந்தது. ஒரு கை பிடிக்க ஆளில்லாமல் அந்தக் கதவை மாட்ட முடியாது. வெளியாளைக் கூப்பிட நான் சம்மதிக்கப்போவதுமில்லை. இப்போது குளியலறைக்குள் போகிறவர் ஆள் இருப்பது தெரியப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் மாமியாருக்குத் தெரிந்தது ஒரே பாட்டு.

இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா முதல் முறையாகத் தங்க வருகிறார்கள். மானம் போவதற்குள் நடக்க வேண்டியவை: நீங்கள் அந்த டிவியைத் திரும்ப எடுத்துப்போக வேண்டும். என் மகள் தன் தம்பிக்குப் போன் போட்டு, கதவைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். சம்பந்தியம்மா எதற்கும் ஒரு பாட்டுப் பழகி வரட்டும்.

எல்லோரும் நலந்தானே? வீட்டில் கதவு நிறைந்து, குறையில்லாமல் வாழுங்கள்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: டிவி இங்கேயே இருக்கட்டும். டிவியில் கதவு இழைத்தவன் இன்று அதன் மேல்பக்கக் கீலைக் கோணலாக வைத்துவிட்டான், மாட்டும்போது மாட்டிக்கொள்வான், அதை நான் பார்த்தாக வேண்டும். சம்பந்தியம்மா வருகிற பயத்தில் உங்கள் மைத்துனன் தானே வந்து கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கை வலிக்குது, வாங்க" என்று கத்துகிறான். மறைக்காமல் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.