பாதி கேட்ட வைத்தியர்

வானொலி வைத்தியர் என்றோர் இனம் உண்டு. பட்டம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது, நோயாளிகளுக்கு மட்டும் குறைவே கிடையாது.

எங்கள் தெருத் தையல்காரர் அந்த இனத்தில் தலைமகன். வீட்டின் முன்னறைதான் கடை. காலையில் உடல்நல நிகழ்ச்சி தொடங்கியதும் வானொலியின் காதைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுவார், மிஷினையும் மிதிப்பார், குண்டூசியைக் கவ்விய வாயால் ‘உம், உம்’ என்று டாக்டருக்கு ஒப்புதலும் தருவார். பிறகு அளவு கொடுக்க வருபவருக்குக் கழுத்தளவு எடுக்கும்போது தைராய்டு, இடுப்பளவு எடுக்கும்போது சர்க்கரை. தப்ப முடியுமா? நாடா அவர் கையில், கழுத்து நம்முடையது!

ஆனால் நம் தமிழில் ‘கூடாது’, ‘தவறு’ எல்லாம் வாக்கியத்தின் வாலில்தானே வரும்? வால் வருகிற நேரம் பார்த்து மிஷின் கடகடக்கும்.

ஒருநாள் வானொலி டாக்டர், “ரத்த அழுத்தம் குறைந்துவிட்டது, இனி மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நினைப்பது ஆபத்து” என்றார். நம்மவர் ‘நிறுத்திவிடலாம்’ வரைக்கும் கேட்டார். உடனே மனைவியின் அண்ணனுக்குப் போன்.

“மச்சான், பிரஷர் கொறஞ்சிடுச்சுன்னீங்கல்ல? மாத்திரைய நிறுத்திடுங்க. டாக்டரே சொல்லிட்டார்.”

“எந்த டாக்டர்?”

“ரேடியோ டாக்டர்! ஊருக்கே சொல்றவர் உங்களுக்கு மட்டும் பொய்யா சொல்வார்?”

மச்சானுக்கு மாத்திரை என்றாலே வேப்பங்காய். கேட்கவா வேண்டும்? நிறுத்தினார். ஆறாம் நாள் குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். நெற்றியில் நாலு தையல். நல்லவேளை, அதை வேறொருவர் போட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தையல்காரர் வெளிறிப்போய் நின்றார். ரத்தம் தோய்ந்த அண்ணன் சட்டையைக் கையில் வைத்தபடி மனைவி கேட்டாள்:

“அன்னிக்கு நானும் அடுப்படியில இருந்து கேட்டேனே. ஆபத்துன்னுதானே சொன்னார்? அதையா அண்ணன்கிட்ட மாத்திச் சொன்னீங்க?”

“எனக்கு அது காதுல விழல.”

“விழாததையா ஊருக்குச் சொல்றீங்க?”

 

மச்சான் பிழைத்தார்; மாத்திரையையும் ஒழுங்காக விழுங்குகிறார். தையல்காரர் வாயைத் தைத்துக்கொண்டார். நேற்று அவர் கடையில் ஒரே ஒரு தும்மல் போட்டேன். மனிதர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! முகம் சிவந்து, தொண்டையைக் கனைத்து, கடைசியில், “டாக்டர்கிட்ட காட்டுங்க சார்” என்றார். பாவம், கண்ணில் நீரே வந்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? போன வாரம் உங்கள் பக்கத்தில் ஒருவர் இருமினாரே, அவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?