கினிப்பன்றிகளின் படுக்கை விஷயத்தில் நான் இறங்கிவரப் போவதில்லை

நக்குரு,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த கையோடு.

பேரன்புக்கும் பெரும் பயத்துக்கும் உரிய ரிஸ்பா அக்கா அவர்களுக்கு,

தம்பி எலிஷா அடகாலா பணிந்து எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி டாமாரியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே விஹிகாவில் உங்கள் முழங்காலும், சிவப்புப் பசுவும், நீங்கள் தலைமை தாங்கும் சபை மாதர் சங்கமும் சுகமாக இருக்கும்படி ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறோம். புதன்கிழமை நீங்கள் போனில் பேசியபோது எனக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. "எலிஷா, நீ வாயத் தொறந்தே, நான் பஸ் ஏறி வந்துருவேன்" என்றீர்கள். ஆகவே வாயைத் திறக்காமல் பேனாவைத் திறக்கிறேன். கடிதத்தில் ஒரு வசதி, யாரும் குறுக்கே பேச முடியாது.

சித்தி மகன் கெகோடே உங்களிடம் வந்து சொன்னது என் காதுக்கும் வந்தது. என் மகள் லினெட்டின் கல்யாணப் பேச்சு நாளில், பெண்ணின் அத்தையாகிய நீங்கள் உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு எலி மாதிரிக் கீச்சிட்டு, பெண்ணுக்குப் பரிசமாக மாடு அதிகம் கேட்டீர்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கிசி வரைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்களாம். நீங்களோ அன்று விஹிகாவை விட்டு நகரவே இல்லை. "அந்த எலிங்க இருக்குற வீட்டுப் படிய மிதிக்க மாட்டேன்" என்று சபதம் போட்டிருந்தீர்கள். இப்போது கட்டளை இட்டிருக்கிறீர்கள்: இரண்டு கினிப்பன்றிகளையும் அடித்துக் குழம்பு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் உங்கள் தம்பியே இல்லை. அக்கா, முழு மரியாதையோடு சொல்கிறேன். முடியாது. நடந்ததை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் என்னைத் தள்ளி வையுங்கள்.

லினெட் தோஹாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது தன் இரண்டு கினிப்பன்றிகளையும் என் கையில் கொடுத்தாள். சுகாரி, பிலிபிலி, அதாவது சர்க்கரை, மிளகாய். இரண்டும் பெண். விமான நிலையத்தில் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், என்னிடம் வந்து சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அப்பா, அதுங்க கால் நனையக் கூடாது. ஈரத்துல நின்னா பாதத்துல புண்ணு வந்துரும். அது வந்தா ஆறாது. பாத்துக்குவீங்களா?" பாத்துக்கிறேன்மா என்றேன். வாழ்நாள் முழுக்க எடை அளவுத் துறையில் தராசு சரிபார்த்தவன் நான். இரண்டு கையளவுப் பிராணிகளின் எட்டுக் காலைக் காய வைக்க முடியாதா என்று நினைத்தேன். இதை அப்போதே போனில் சொன்னதும்தான் நீங்கள் சிரித்தீர்கள். "நாம சின்னப்புள்ளையா இருக்கப்ப அதுங்க அடுப்படியில ஓடும். புடிச்சு வறுத்துத் தின்னோம். மெத்தையா போட்டோம்?" என்றீர்கள். தின்றோம், மறுக்கவில்லை. ஆனால் லினெட் என்னிடம் வறுக்கச் சொல்லவில்லையே.

முதலில் கூண்டில் செய்தித்தாள் விரித்தேன், செலவில்லை என்று. மறுநாளே தாள் கூழாகிவிட்டது, மை ஒட்டி இரண்டும் கருங்கொல்லர் போலக் கறுத்த காலோடு நின்றன, வீடு முழுக்கக் கண்ணை எரிக்கும் நாற்றம். டாமாரி கதவை எல்லாம் திறந்து வைத்துவிட்டு, "நாட்டு நடப்பு நாறுதுன்னு தெரியும். அது வீட்டுக்குள்ள வந்தும் நாறணுமா?" என்றாள். சரி என்று மரவாடிக்குப் போய் ஒரு மூட்டை சைப்ரஸ் மர இழைப்புச் சுருள் வாங்கி வந்தேன். அடடா, என்ன வாசனை, புதுச் சவப்பெட்டி மாதிரி! ஒரே ராத்திரிதான். காலையில் சுகாரி தும்ம, பிலிபிலி தும்ம, அவற்றைப் பார்க்கப் போன டாமாரி தும்ம ஆரம்பித்தவள் ஞாயிறு ஆராதனை வரைக்கும் நிறுத்தவில்லை. பாஸ்டர் நடு ஜெபத்தில் நிறுத்தி, அவள் தலையில் கைவைத்துப் பேயை அதட்டினார். பேய் மூன்று தரம் தும்மியது. நான் அக்ரோவெட் என்கிற கால்நடை மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரன் நான் சொன்னது காதில் விழாத மாதிரி, "மாடு எத்தன லிட்டர் கறக்குது?" என்று கேட்டான். கினிப்பன்றி என்றேன். "அதுக்கு மருந்து எதுக்கு, வெங்காயம் போதுமே" என்றான். நான் முறைத்த முறைப்பில் கடைசியில், "சைப்ரஸ் வாசன அதுங்க நெஞ்சுக்கு ஆகாது பெரியவரே, தூக்கிப் போடுங்க" என்றான்.

அப்புறம் நெல் விளைகிற ம்வேயாவிலிருந்து அரிசி உமி வரவழைத்தேன். இது என் புத்தி இல்லை, ஆலைக்காரன் ஒருவன் சும்மா கொடுத்தான், சும்மா கொடுத்ததால் எனக்கும் புத்தி வேலை செய்யவில்லை. உமி ஈரத்தைக் குடிக்காது அக்கா. மேலே பெய்தது கீழே போய்க் குளமாக நிற்கும், மேலே மட்டும் காய்ந்த முகத்தைக் காட்டும், சில சபை மூப்பர்கள் மாதிரி. அதோடு நக்குருக் காற்று உங்களுக்குத் தெரியுமே. ஜன்னலை நான்தான் நாற்றம் போகட்டும் என்று திறந்தேன், ஒத்துக்கிறேன். உமி எழுந்தது பாருங்க, உகாலிக் களியில உமி, டீயில உமி, டாமாரியோட பாடகர் குழு அங்கியில உமி, கீழ்வீட்டுச் செப்கிருய் கொடியில காயப்போட்ட வெள்ளை யூனிஃபார்ம் முழுக்க உமி. அவள் மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றாள்.

"எலிஷா அண்ணே, ஆஸ்பத்திரிக்கு இத போட்டுக்கிட்டா போவேன்? நான் நர்ஸா, கோழியா?"

"காத்து அடிச்சிருச்சும்மா."

"காத்து எங்க வீட்லயும்தான் அடிக்குது. உமியா அடிக்குது?"

அவள் யூனிஃபார்மை நானே துவைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் வைக்கோல் புல் வாங்கிக் கூண்டு நிறையப் பரப்பினேன். நல்ல காய்ந்த ரோட்ஸ் புல், மாட்டுக்குப் போடுகிற உயர்ந்த ரகம். பொழுது சாயறதுக்குள்ள படுக்கையை முழுசாத் தின்னுட்டு, வெறுந்தகரத்துல உட்கார்ந்து, அடுத்தது எங்கேன்னு ரெண்டும் என்னைப் பாக்குதுங்க. அன்றைக்கென்று பார்த்து லினெட் வீடியோவில் வந்தாள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. "பிலிபிலியைத் தூக்கிக் காலைக் காட்டுங்கப்பா" என்றாள். காட்டினேன். பாதம் சிவந்திருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். தூரத்தில் இருக்கிற பிள்ளை திட்டினால் பரவாயில்லை அக்கா, ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் தாங்காது. அந்த நேரத்தில் அவள் குரலைக் கேட்டு இரண்டும் போனை நோக்கிக் கீச்சு கீச்சென்று கத்தின பாருங்கள், டாமாரி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன். இந்தக் கால் காயாமல் நான் ஓய மாட்டேன், அக்கா சொன்னாலும் சரி, அரசாங்கம் சொன்னாலும் சரி.

மறுநாள் கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு மிதும்பாச் சந்தைக்குப் போனேன், வெளிநாட்டுப் பழைய துணி மலையாகக் குவிந்து கிடக்கிற இடம். ஒவ்வொரு துணியாக எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். பருத்தி குடித்துவிட்டு ஈரமாகவே கிடந்தது. கம்பளி நாறியது. துணிக்காரி முகூரே என்று ஒரு பெண், இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பெரியவரே, வாங்கறதுன்னா வாங்குங்க. துணியக் குளிப்பாட்டாதீங்க."

"ஈரம் மேல நிக்காம கீழ எறங்கற துணி வேணும்மா. ரெண்டு பேருக்கு. ரெண்டு பேரும் படுக்கையிலேயே போயிடறாங்க."

அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ பாவம். வயசானவங்களா?"

"வயசு ஆகுது."

"பல்லு இருக்கா?"

"முன்பல்லு மட்டும் நல்லா இருக்கு."

"சாப்பாடு?"

"கீரைதான். வேற ஒண்ணும் எறங்காது."

"பெத்தவங்கள இப்படிப் பாத்துக்கற ஆம்பளைய நான் பாத்ததே இல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடியிலிருந்து மெத்தென்ற செயற்கை இழையில் ஒரு பெரிய நீல ஃபிளீஸ் போர்வையை உருவி, பாதி விலைக்குக் கொடுத்தாள். நான் பொய் சொல்லவில்லை அக்கா. அவள் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன்.

இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து விரித்தால் தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நின்றது! டாமாரி சிரித்தாள். நான் அதை வெந்நீரில் போட்டு அலசி, காயவைத்து, மறுபடி வெந்நீரில் போட்டு அலசி, துணியில் இருந்த பிசுக்கெல்லாம் போகும்வரை விடவில்லை. அப்புறம் ஒரு கோப்பை டீயை அப்படியே கவிழ்த்தேன். மேலே கைவைத்தால் காய்ந்திருக்கிறது, அடியில் போட்ட பழைய துண்டு அத்தனையும் குடித்துவிட்டது. எந்த ஃபிளீஸாக இருந்தாலும் நாலைந்து தரம் துவைத்து, அடியில் துண்டு போட்டு, காலையில் புழுக்கையைக் கூட்டித் தள்ளி, வாரத்தில் இரண்டு நாள் மாற்றினால் நாற்றம் இல்லை, தும்மல் இல்லை, உமி இல்லை. புல்லை ஒரு மூலையில் தின்ன மட்டும் வைக்க வேண்டும். பிலிபிலியின் பாதம் மறுபடி ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. லினெட் போனில் பார்த்துவிட்டு, "அப்பா!" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். நான் ஓய்வுபெற்றபோது இலாகா கொடுத்த கடிகாரத்தைவிட அது எனக்குப் பெரிசு.

இனி அந்த நாள். மாப்பிள்ளை கிப்சனின் பெரியப்பா ஒயாரோ தலைமையில் கிசியிலிருந்து பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒயாரோ பேரம் பேசுவதில் கல். முதல் கேள்வியே, "பொண்ணோட அத்தை எங்க?" என்பதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் கெகோடே முந்திக்கொண்டு, "உள்ள தலவலியோட படுத்திருக்காங்க" என்று திரைபோட்ட லினெட் அறையைக் காட்டினான். கூண்டு இருப்பது அங்கேதான். பேச்சு தொடங்கியது. ஒயாரோ ஒரு தொகை மாடு சொல்லிவிட்டு, நிதானமாகக் காகிதப் பையைப் பிரித்து வேர்க்கடலை எடுத்தார். காகிதம் சரசரத்தால் கீரை வருகிறது என்று அந்தப் பிராணிகளுக்கு அர்த்தம். உள்ளேயிருந்து "வீஈக்!" என்று ஒரு கத்தல். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

"அத்தைக்குச் சம்மதம் இல்ல போலிருக்கே" என்று ஒயாரோ ஒரு மாட்டைக் கூட்டினார். மறுபடி பையில் கைவிட்டார். "வீக் வீக் வீஈஈக்!" இன்னொரு மாடு. டாமாரி புடைத்த கன்னத்தோடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கெகோடே கோழிக்காலை வாயில் வைத்தபடி விறைத்துப் போனான். எனக்கு உண்மையைச் சொல்ல ஆசைதான், ஆனால் மாடு ஏறிக்கொண்டே போகும்போது நாக்கு எழவில்லை. கடைசியில் ஒயாரோ எழுந்தார். "இவ்வளவு கோவமா இருக்கறவங்கள நேர்ல பாத்து ரெண்டு வார்த்த சொல்றதுதான் மொற" என்று சொல்லித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, திரையை விலக்கி, "அம்மா, வணக்கம்" என்று கூண்டைக் கும்பிட்டார்.

கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். தோஹாவில் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிற பிள்ளையின் முகம் கண் முன்னால் வந்தது. ஒயாரோ குனிந்தார். கூண்டுக்குள் கைவிட்டுப் போர்வையைத் தடவினார். விரலை முகர்ந்தார்.

"இது எலி மாதிரி இருக்கு."

"கினிப்பன்றி. என் பொண்ணோடது."

"காஞ்சு கெடக்குதே. நாத்தமே இல்ல."

"அதுங்க கால் நனையக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் அந்தக் கல் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அவரோடு வந்தவர்களும் சிரித்தார்கள், டாமாரியும் இனிமேல் அடக்க முடியாமல் சிரித்தாள். "எலி கால் நனையாமப் பாத்துக்கற வீட்டுப் பொண்ணு எங்க கிழவிங்களக் கைவிட மாட்டா" என்று என் கையைக் குலுக்கினார். "கூட்டின மாட்டுல ஒண்ணு மட்டும் கழிச்சுக்கறேன். அது அத்தைக்காகன்னு நெனச்சுக் குடுத்தது." ஆக, பேச்சு முடிந்தது, கல்யாணம் உறுதி. உங்கள் பேர் கெட்டது கெகோடேயால், மாடு வந்தது கினிப்பன்றிகளால். குழம்பு வைக்க வேண்டுமானால் கெகோடேயை வையுங்கள்.

ஆகவே அக்கா, இதுதான் என் முடிவு. அவை இந்த வீட்டில்தான் இருக்கும், ஃபிளீஸில்தான் படுக்கும். நீங்கள் வந்தாலும் ஒளித்து வைக்க மாட்டேன். உங்கள் எதிரிலேயே, நடுக்கூடத்தில், பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கீரை கொடுப்பேன். உங்களுக்கு நல்ல தூக்கமும், முழங்காலுக்கு இளக்கமும், என்மேல் கொஞ்சம் இரக்கமும் அருளும்படி வேண்டிக்கொள்ளும்,

இனி யாருக்கும் அஞ்சாத உங்கள் தம்பி,
எலிஷா அடகாலா

பின்குறிப்பு: இதை எழுதி உறை ஒட்டுவதற்குள் நீங்களே பஸ் ஏறி வந்து இறங்கிவிட்டீர்கள். நீங்கள் இங்கே இருந்த நாளெல்லாம் சுகாரியும் பிலிபிலியும் செப்கிருய் வீட்டு அடுப்படியில்தான் இருந்தன. "எலிங்க எங்கடா?" என்று நீங்கள் படி மிதிக்காமல் நின்று கேட்டபோது நான் சொன்ன "குடுத்துட்டேன் அக்கா" என்பதற்கு அதுதான் அர்த்தம். இன்னொன்று. மழையில் எங்கள் போர்வை எல்லாம் நனைந்து போனதால், உங்கள் கட்டிலில் டாமாரி விரித்த அந்த நீலப் போர்வை, "இப்படி மெத்துன்னு ஒண்ணுல நான் படுத்ததே இல்லடா" என்று சொல்லிப் போகும்போது நீங்கள் பையில் மடித்து வைத்துக்கொண்டீர்களே, அது நன்றாகத் துவைத்ததுதான். தயவுசெய்து திருப்பி அனுப்பவும். பிலிபிலி தூங்க மாட்டேன் என்கிறாள்.