மோப்பம் பாய் பாஸ் பண்ணிய ஜீப்

தர்மபுரி மாவட்டத்தில் எழுபதுகளில் கைமாறிய ஜீப்புகள் இரண்டே வகை. ஒன்று, மோப்பம் பாய் பாஸ் பண்ணியவை. இன்னொன்று, பள்ளத்தில் கிடந்தவை. கொஞ்சம் மிகைதான். ஆனால் அரூரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பாய்க்குத் தொழில் வண்டிகளுக்கு சீட்டு தைப்பது. பேர் வாங்கிக் கொடுத்தது மூக்கு. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். அவர் இஞ்சின் பக்கமே போகமாட்டார். முதலில் தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பார்ப்பார். "சேத்து வாடை அடிக்குதுங்க. வெள்ளத்துல முங்குன வண்டி." அப்புறம் மடியிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுத்து பாடி முழுக்கத் தடவுவார். காந்தம் ஒட்டாமல் வழுக்கும் இடத்தில் நிறுத்தி, "இங்க தகரம் இல்லீங்க. வெறும் பட்டிய பூசி பெயிண்டு அடிச்சிருக்கான்" என்பார்.

வண்டியோடு விட்டாரா? டீயையும் மோந்துவிட்டுத்தான் குடிப்பார். ஒரு கல்யாணத்தில் பன்னீர் தெளித்த பெண்ணை நிறுத்தி, "எந்தக் கெணத்துத் தண்ணிம்மா?" என்று கேட்ட மனிதர்.

என் அண்ணன் சித்தேரி மலையிலிருந்து புளியும் சாமையும் இறக்கி விற்க ஒரு ஜீப் வாங்கத் துணிந்தார். அதற்காக இருந்த ஒரே நிலத்தையும் விற்றாயிற்று. வண்டி காலை வாரினால் அண்ணன் குடும்பம் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். அண்ணி கறாராகச் சொல்லிவிட்டார்: "பாய் மோந்து பாக்காம ஒரு வண்டியும் வூட்டு வாசலுக்கு வரக் கூடாதுங்க."

பாய் வரிசையாக ஆறு வண்டிகளைக் கழித்துக் கட்டினார். ஒன்றில் மீட்டர் கொஞ்சமாகத்தான் ஓடியிருந்தது. "பெடல் தேஞ்சு வழவழன்னு கெடக்குது, மீட்டரு மட்டும் கொழந்தையா இருக்குதே!" என்று இறங்கிவிட்டார்.

அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த ஆளு எவன்கிட்டயோ கமிஷன் பேசி வெச்சிருக்காரு. நீ ஒரு கண்ணு வெய்யிடா" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். இரண்டு நாள் பாய் கடைக்கு எதிரே பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து துப்பறிந்தேன். மூன்றாம் நாள் பாய் நேரே என்னிடம் வந்து, "தம்பி, இது நேத்து பேப்பருங்க" என்றார்.

ஏழாவதாக வந்தது ஓர் எஸ்டேட் துரையின் ஜீப். பாயிடம் சொல்லாமல் கம்பைநல்லூருக்கே போய்ப் பார்த்தோம். அடேயப்பா! மெத்தை சீட்டு, ஜன்னலுக்குத் திரை, உள்ளே ஃபேன். ஏறி உட்கார்ந்த அண்ணன் இறங்கவே இல்லை. "நாலு சக்கரமும் இழுக்கும், செங்குத்துல ஏறும்" என்றார் எஸ்டேட் மேனேஜர். அண்ணன் 'சரி' என்று வாயைத் திறந்த நேரம் பாய் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். அண்ணியின் வேலை!

பாய் உள்ளே தலையை நீட்டி மோந்தார். "இத்தன அத்தரு எதுக்குங்க?"

"தொர உக்காந்த வண்டி பாய்!"

"தொர ஏன் எறங்குனாரு?"

மேனேஜர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"ஆத்து மணல்ல ஒரு வாட்டி எறக்கிக் காட்டுங்க" என்றார் பாய். இறக்கினார்கள். பின்சக்கரங்கள் சுழன்று மணலை எங்கள் மேல் வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் அசையவே இல்லை. பாய் படுத்து அடியில் பார்த்தார். முன்சக்கரத்தைச் சுழற்றுகிற ஷாஃப்டையே கழற்றி எடுத்திருந்தார்கள். துரை வண்டியை இரண்டு ஜோடி மாடு பூட்டித்தான் கரையேற்றினோம்.

எட்டாவது, மொரப்பூரில் ஒரு விவசாயியின் ஜீப். கதவைக் கயிற்றால் கட்டியிருந்தது. சீட்டில் கோழி முட்டை வைத்திருந்தது. பாய் மோந்தார், காந்தம் வைத்தார், வரப்பில் ஏற்றி இறக்கினார். "இத எடுங்க தம்பி" என்றார்.

"இதையா!" என்று அண்ணன் அலறினார்.

"விக்கிறவரே ஆறு கொறை சொன்னாருங்க. நான் தேடுனதுலயும் அதே ஆறுதான் கெடச்சுது. ஆறையும் சரி பண்ணிக்கலாம்."

"பாத்தியா, இங்கதான் கமிஷன்!" என்று அண்ணன் என் காதைக் கடித்தார். ஆனாலும் அண்ணிக்குப் பயந்து வாங்கினார்.

ரிப்பேர் முடிந்து முதன்முதலாக மலை ஏறும் அன்று, கூப்பிடாமலே பாய் வந்து நின்றார். கையில் பெரிய மரக்கட்டை. பள்ளத்துப் பக்க சீட்டாகப் பார்த்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"கட்டை எதுக்கு பாய்?"

"பிரேக்கு புடிக்கலைன்னா சக்கரத்துக்கு அண்டக் குடுக்க."

"நீங்க பாஸ் பண்ண வண்டிதானே?"

"அதுக்குத்தான் வரேன். என் பேச்ச நம்பி எடுத்தீங்க. உருண்டா நீங்க மட்டும் உருளக் கூடாதில்லீங்களா?"

அண்ணன் வண்டியைக் கிளப்பினார். துப்பறிந்த எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. பாய் பாஸ் பண்ணிய எல்லா வண்டியிலும் முதல் ஆளாக அவரேதான் ஏறுவார் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

மலை உச்சியில் இறங்கி, "இன்னும் நம்பிக்கை வரலீங்க. நாளைக்கும் வரேன்" என்றார். ஆறு நாள் வந்தார். ஆறாம் நாள், "இனிமே ஓடும். நான் வேணாங்க" என்று கட்டையை சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஏழாம் நாள் காலை அந்த சீட்டில் ஒருவர் ஏறப் போனார். "அது பாய் சீட்டு, பின்னால ஏறுங்க" என்று அண்ணன் தடுத்துவிட்டார். இஞ்சினை ஓடவிட்டபடி, பாய் வரும் தெருவைப் பார்த்து அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.