வாய்க்கால் கட்டில் இரண்டு கோடு

கல்முனை,
நோன்பு 29, மஃரிபுக்குப் பின்.

அன்புள்ள மருமகன் இஹ்ஸானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமி முனவ்வறாவும் நலம். அமெரிக்காவில் நீங்களும் மகள் நஸ்லியாவும் இன்று பிறந்த என் பேத்தியும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். இவ்வளவு பெரிய செய்திக்குப் பதில் கடிதமாக வருவதற்கு, நீங்கள் அன்போடு அனுப்பிய போன்தான் காரணம். நாளை மறுநாள் அங்கு புறப்படும் பக்கத்து வீட்டு றமீஸிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

போன் வந்த நாள் முதல் வீட்டுக்குள் அதில் கவரேஜ் இல்லை. பஸ் நிலையத்தருகே போன் திருத்தும் என் பழைய மாணவன் தினேஸிடம் காட்டினேன். “சேர், இது அமெரிக்காக்காரனுக்கெண்டு செஞ்ச போன். பாக்க ஒண்டுபோல இரிந்தாலும் எங்கட டவர் கதைக்கிற எட்டாம் பாண்ட் அலைவரிசை இதுல இல்ல” என்றான். எனக்கு ஓர் உதாரணத்தோடு விளங்கிற்று. நோன்பு பிடிக்க விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பும் பக்கீர் பாவாவின் றபான் கொட்டு மூன்று சுவர் தாண்டிக் கேட்கிறது. அவர் பாடும் பைத்து வாசலோடு நின்றுவிடுகிறது. எட்டாம் பாண்ட் றபான் மாதிரி. நம் போனுக்குப் பைத்து மட்டுமே கேட்கும். அதற்கு வாசலைத் தாண்டிப் போக வேண்டும். தெருமுடிவில், சவளக்கடை வயல் பக்கம் பார்த்த வாய்க்கால் கட்டின் மேல் ஏறி நின்று போனைத் தலைக்குமேல் பிடித்தால் சிக்னல் இரண்டு கோடு விழும்.

மகளுக்கு நோவு தொடங்கியதென்று நேற்று அங்கு நின்றுதான் அறிந்தோம். அதனால் இன்று நோன்பு திறந்த கையோடு மாமி என்னைத் துரத்தினார். நான் மேற்கு வானத்துக்குப் போனைத் தூக்கிப் பிடித்து நிற்க, உங்கள் செய்தி விழுந்தது: பெண் குழந்தை, இருவரும் சுகம். “அல்ஹம்துலில்லாஹ்!” என்று கத்திவிட்டேன். இன்று பெருநாளுக்குப் பிறை பார்க்கும் நாள் என்பது எனக்கு மறந்தே போயிற்று. திரும்பினால் பின்னால் முப்பது பேர். “சேர் பொறை கண்டுட்டார்! எந்தப் பக்கம் சேர்? சொல்லுங்க!” என்று கடைக்கார இப்றாஹிம் என் தோளைப் பிடித்து உலுக்க, கோடு இரண்டும் போய், பேத்தியின் படம் பாதியில் நின்றுவிட்டது. உண்மையைச் சொன்னேன். “பேத்தி பொறந்ததுக்கு ஊரையே வயலுக்கு இழுத்துட்டீங்களே!” என்றார். வெட்கத்தோடு வீடு வந்தால், மாமி: “புள்ளட முகத்தப் பாக்காம ஏன் வந்த நீங்க?”

ஆகவே மகன், எட்டாம் பாண்ட் உள்ள போன் ஒன்றை வாங்கி அனுப்புங்கள். நான் இனி அந்தக் கட்டில் ஏறமாட்டேன். நஸ்லியாவுக்கு சலாம். பேத்தியின் நெற்றியில் என் சார்பில் ஒரு முத்தம்.

இவ்வண்ணம்,
மாமா முத்தலிப்

பி.கு.: இஷாத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனேன். இப்றாஹிம் ஓடி வந்து கையைப் பிடித்தார். நான் வீடு வந்த பிறகும் எல்லாரும் என்னை ஏசிக்கொண்டு அங்கேயே நின்றார்களாம். ஏசிய வாய் மூடுமுன் பிறை தெரிந்ததாம். “நீங்க இல்லாட்டி ஒருத்தரும் அங்க வந்திரிக்க மாட்டம் சேர். வாற மாசமும் போனோட வாங்க” என்கிறார். நாளை பெருநாள். வேறு போன் வேண்டாம். றமீஸுக்குக் காத்திராமல், இக்கடிதத்தைத் தினேஸின் போனில் படமெடுத்து இன்றிரவே உங்களுக்கு அனுப்பச் சொல்கிறேன். இங்கே பெருநாள் தொழுகை முடியும் நேரம் பேத்தியின் படத்தைத் திரும்ப அனுப்புங்கள். மாமி புதுச் சாறியோடு வாய்க்கால் கட்டில் நிற்பார்.