பலகையில் ஒட்டிய பட்டம்

கொல்கத்தாவில் நான் பட்ட பாட்டுக்கு மழையோ, வேர்வையோ, மெட்ரோ நெரிசலோ காரணமில்லை. ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவர் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. வங்காளிகளுக்கு 'மிஸ்திரி தாது', அதாவது மேஸ்திரித் தாத்தா. நம்மவர்களுக்கு மிஸ்திரி மாமா. ஓய்வு பெற்றவர்களுக்குப் பொழுதுபோக்கு அவசியம் என்று எழுதுகிறவர்களை லேக் மார்க்கெட்டில் அவர் வீட்டுப் பின்னறையில் ஒரு வாரம் குடிவைக்க வேண்டும். நான் இரண்டு வருஷம் இருந்தேன்.

மனைவி, வெளியூரில் இரண்டு பெண்கள், நாலு பேரக்குழந்தைகள் என்று நல்ல குடும்பஸ்தர்தான். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு பொழுதுபோக்கு. நான் குடிபோனபோது ஹோமியோபதி நடந்துகொண்டிருந்தது. இரண்டே தும்மல் போட்டேன். நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"எந்த மூக்குல முதல்ல வந்தது?"

"கவனிக்கலையே மாமா."

"சொப்பனத்துல பாம்பு வருமோ?"

"தும்மலுக்கும் பாம்புக்கும் என்ன மாமா சம்பந்தம்?"

'கோபம் அதிகம்' என்று எழுதிக்கொண்டார். அவர் தந்த சர்க்கரை உருண்டைகளால் தும்மல் போகவில்லை, அறைக்கு எறும்பு வந்தது.

அடுத்தது தூண்டில். வெங்காயமே சேர்க்காத வீடு அது! ஏரிக்கரையில் அரைநாள் உட்கார்ந்து, மூன்று கிலோ ருய் மீன் ஒன்றைப் பிடித்து, தடவிக்கொடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டார். கரையில் நின்ற வங்காளிகள் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி கலைந்து போனார்கள். அதற்கப்புறம் ஒரு மாதம், அவர் வீட்டில் குடியிருக்கிறேன் என்ற ஒரே குற்றத்துக்காக மீன்காரர்கள் என்னையும் முறைத்தார்கள்.

இதையெல்லாம் மன்னித்தேன். மன்னிக்க முடியாதது, கரியாஹாட்டில் உளியும் ரம்பமும் வாங்கி வந்து அவர் ஆரம்பித்த பிரேம் போடும் வேலை. முதலில் சாமி படங்கள். பிறகு பேரன் கிறுக்கிய யானை. அதன் பிறகு கையில் கிடைத்த காகிதமெல்லாம்.

"கேஸ் பில்லும் சுவத்துல ஏறியாச்சு. இனிமே நான்தான் பாக்கி," என்றார் மாமி.

மாமி பாக்கியில்லை. என் டிகிரி சர்டிபிகேட்தான் பாக்கி.

திங்கட்கிழமை ஆபீசில் ஒரிஜினலைக் காட்ட வேண்டும். காட்டினால்தான் வேலை நிரந்தரமாகும். ஜெராக்ஸ் எடுத்து வந்து ஒரிஜினலை மேசைமேல் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கு வந்தால், வெங்கடாசலபதிக்குக் கீழே, தங்க நிற பிரேமுக்குள் என் பட்டம்! பிளைவுட் பலகையில் மரப் பசை போட்டு அழுத்தமாக ஒட்டியிருந்தார்.

"மாமா! நாளைக்கு இதை ஆபீஸ்ல காட்டணும்!"

"காட்டேன். இதைவிட நன்னா எப்படிக் காட்டுவே?"

செய்தித்தாளில் சுற்றி மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்திலிருந்த அம்மாள் பரிவோடு கேட்டாள்: "அப்பா படமா, தம்பி?" எங்கப்பா ஊரில் நன்றாகத்தான் இருந்தார்.

ஆபீசில் பெரியபாபு, அதாவது தலைமை குமாஸ்தா, பிரேமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பின்பக்கம் எங்கே?"

"பலகை சார்."

"எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் முத்திரை பின்பக்கம்தானே இருக்கும்? பலகையை எப்படியப்பா சரிபார்ப்பது? புதன்கிழமை காகிதமாகக் கொண்டுவா. இல்லாவிட்டால் உன் பெயரில்லாமல் பட்டியல் போய்விடும்."

வீட்டுக்கு வந்து கத்தினேன். பெரியவர் என்றுகூடப் பார்க்கவில்லை.

"எங்க வம்சத்துல பள்ளிக்கூடம் போன மொத ஆளு நான்! எங்கப்பனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்க வீட்ல இருக்கிற ஒரே காகிதம் இது. அதைப் போயி பலகையில ஒட்டியிருக்கீங்களே!"

மாமா மெதுவாக, "மொத ஆளோடதுன்னுதான்டா மாட்டினேன். பொண்களோடதெல்லாம் பீரோவுலதான் கிடக்கு," என்றார்.

அன்றே வேலையில் உட்கார்ந்தார். காகிதத்தை உரிக்கவில்லை. உரித்தால் கிழியும். பலகையைத்தான் உரித்தார். சர்டிபிகேட்டைக் குப்புறப் போட்டு, பிளைவுட்டை உளியால் அடுக்கடுக்காகச் சீவினார். கடைசி அடுக்கை ஈரத்துணியால் ஊறவைத்து, சவர பிளேடால் நார் நாராக எடுத்தார். இரண்டு நாள். காபி ஆறியது. பேரன் வீடியோ காலில் கூப்பிட்டதற்கும், "தாத்தா ஆபீஸ்ல இருக்கேன்னு சொல்லு," என்றுவிட்டார்.

புதன்கிழமை, வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், குரங்குக் குல்லாய் சகிதம் கூடவே வந்தார். பெரியபாபு முன்னால் கைகட்டி நின்று, சுத்தமான வங்க மொழியில், "குற்றவாளி நான். தண்டனை எனக்கே," என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே பிரேம் போட்டிருப்பேன். பெரியபாபு காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மரநாருக்குள்ளிருந்து ஊதா முத்திரை தெரிந்தது. பட்டியலில் என் பெயரை எழுதினார். பிறகு, "எந்த உளி, தாது?" என்று கேட்டுத் தொலைத்தார். அரைநாள் விளக்கம். நானும் நின்று கேட்க வேண்டியிருந்தது.

போன குளிர்காலத்தில் மாமா போய்விட்டார். அப்போது கையிலிருந்த பொழுதுபோக்கு கடிகார ரிப்பேர். வீட்டில் ஒரு கடிகாரமும் ஓடவில்லை.

எந்த ஆபீசில் கொடுத்தாலும் சர்டிபிகேட்டைத் திருப்பிப் பார்த்து, "பின்னாடி என்ன சார் இப்படிப் பழுப்பா, நாரா இருக்கு? டூப்ளிகேட் அப்ளை பண்ணினா சுத்தமா ஒண்ணு தருவாங்களே," என்கிறார்கள். இதைவிடக் கோபமூட்டும் யோசனையை என்னிடம் யாரும் சொன்னதில்லை.