பரணும் நிரந்தர முகவரியும்

இந்த ஜென்மத்தில் பரணைச் சுத்தம் செய்வதில்லை என்று நம்ம புரோகிராமர் முடிவு கட்டிவிட்டார். வேலை வீட்டிலிருந்தேதான். மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போனதும், மதியம் சாப்பிட்டு, லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தால் சொர்க்கம். கண் சொருகும் நேரம் பார்த்து அம்மணி போன் பண்ணுவாள். கரப்பான்பூச்சி குடும்பம் நடத்துதாம், பரணைப் பார்க்கணுமாம். ஏணி இல்லை என்று இவர் எத்தனை தடவைதான் மழுப்புவார், பாவம்.

ஆள் லேசுப்பட்டவரா? லேப்டாப்பிலேயே ஒரு வலைப்பக்கம் செய்தார். திறந்தால் சிவப்புக் கட்டம்: "மீட்டிங்கில் இருக்கிறார்." அதற்கு வேறெதுவும் சொல்லத் தெரியாது. வீட்டு லேப்டாப்பில் ஓடும் பக்கம் கடையிலிருக்கும் மனைவிக்கும் தெரியும்படி, இணையத்தில் ஒரு சுரங்கப்பாதையும் போட்டுவிட்டார். போன் பண்ணுவதற்கு முன்னால் இதைப் பார் என்று கறாராகச் சொல்லியும் வைத்தார்.

ஒரே குறை, சுரங்கத்தை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் பக்கத்தின் முகவரி மாறியது. நேற்றுக் கொடுத்தது இன்றைக்கு வேலை செய்யவில்லை என்று அவள் அலுத்துக்கொண்டாள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. என்றைக்கும் மாறாத ஒரே முகவரியாக வாங்கிப்போட்டார்.

"இனிமே ஜென்மத்துக்கும் இதேதான். மாறவே மாறாது" என்றார் மிதப்பாக.

"நல்லதாப் போச்சுங்க" என்றாள். அதற்கப்புறம் பரண் பேச்சே இல்லை. வாரம் முழுக்கப் போனும் இல்லை. மனுஷர் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு தூங்கினார்.

அடுத்த வாரம் ஒரு மதியம், லேப்டாப்பை மூடிவிட்டு அப்போதுதான் கால் நீட்டினார். போன் அடித்தது.

"எழுந்திரிங்க. பரண்."

"மீட்டிங்ல இருக்கேம்மா. பக்கத்தைப் பாக்கலியா?"

"பாத்தேன். பக்கமே வரல."

"முகவரி மாறியிருக்கும்."

"மாறவே மாறாதுன்னீங்களே."

"அது... நெட் போயிடுச்சு."

"நெட் இல்லாமயா மீட்டிங்ல இருக்கீங்க?"

அவள் நிதானமாகச் சொன்னாள். "சிவப்புக் கட்டம் வந்தா முழிச்சிருக்கீங்க. ஒண்ணுமே வரலைன்னா லேப்டாப்பை மூடிட்டுத் தூங்குறீங்க. ஒரு வாரமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

கடைசி ஆயுதத்தை எடுத்தார். "சரி, ஏணிக்கு எங்க போறது?"

வாசலில் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால், பக்கத்துத் தெருவில் இருக்கும் மைத்துனன் மூச்சிரைக்க நின்றான்.

"அக்கா உங்க பக்கத்தோட முகவரியைக் குடுத்துச்சு மாமா. இப்பதான் பக்கம் படுத்துச்சு, உடனே ஏணியைத் தூக்கிட்டு வந்துட்டேன்."